ஈலி ஊரின் பழைய தபால் கார்டுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஈலி, ரூத், மெக்கில் என்று அடுத்தடுத்து மூன்று செம்பு ஊர்கள். இவற்றின் பழைய தபால் கார்டுகளைச் சேர்த்து வருகிறேன். போன வாரம் ஒன்றைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

கே: கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். அங்கே எதற்கு சார் ஊர்?

ப: செம்புக்காக. மின்சாரம் பரவப் பரவக் கம்பிக்குச் செம்பு கேட்டார்கள். ஆனால் இங்கே கிடைத்த தாது மட்டமானது, நூறு கிலோ கல்லை உடைத்தால் இரண்டு கிலோ செம்பு தேறினாலே பெரிது. அதை வண்டி கட்டி ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது, ரயில் வந்தே ஆகவேண்டும். மார்க் ரெக்வா என்பவர் முன்நின்று, கோப்ரே என்ற இடத்திலிருந்து சுமார் 140 மைலுக்குத் தண்டவாளம் போட வைத்தார். 1906 செப்டம்பரில் ரயில் ஈலிக்கு வந்துவிட்டது. (கோப்ரே என்றால் ஸ்பானிஷில் செம்பு. பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை போலிருக்கிறது.) 1908இல் மெக்கில்லில் உருக்காலை ஓட ஆரம்பித்தது. கார்டுகளில் திரும்பின பக்கமெல்லாம் புகைபோக்கி தெரிவது அதனால்தான்.

கே: என் கார்டில் தேதியே இல்லை. வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: படத்தை விட்டுவிட்டு முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி விலாசத்துக்கு என்று பிரித்திருந்தால் பெரும்பாலும் 1907 மார்ச்சுக்குப் பிற்பட்டது. அதற்கு முன் பின்பக்கத்தில் விலாசம் மட்டும்தான் எழுதலாம், அதனால் சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்தில், வானத்தில், மலைமேல் எல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். அப்புறம் ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'அஸோ' (AZO, போட்டோத் தாளின் பெயர்) என்று அச்சிட்டு நான்கு மூலையிலும் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால் தாள் ஏறக்குறைய 1904க்கும் 1918க்கும் இடைப்பட்டது. கார்டு துணி மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அது 1930களுக்கு வந்துவிடும். தபால் முத்திரையை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். கடையில் பல வருடம் கிடந்த கார்டையும் யாராவது வாங்கி அனுப்பியிருக்கலாம் இல்லையா.

கே: படத்தின் அடியில் வெள்ளை எழுத்து எப்படி வந்தது?

ப: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி! போட்டோக்காரர் நெகட்டிவ் மேலேயே கறுப்பு மையால், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதுவார். மை வெளிச்சத்தை மறைப்பதால் பிரின்டில் அந்த இடம் வெள்ளையாக விழும். என்னிடம் உள்ள ஒரு ரூத் கார்டில் மனிதர் ஒரே ஒரு 'என்' (N) எழுத்தை மாற்ற மறந்துவிட்டார், அது மட்டும் இடவலமாகத் திரும்பி நிற்கிறது. 1903இல் கோடாக் விட்ட 3ஏ கேமராவின் நெகட்டிவும் தபால் கார்டு அளவுதான், அதனால் பெரிதாக்காமல் நேராகத் தாளில் வைத்தே பிரின்ட் போட்டுவிடலாம். சின்ன ஊருக்கும் சொந்தப் படக் கார்டு கிடைத்தது இப்படித்தான்.

கே: தொழிலாளிகள் யாரும் தெரியவில்லையே?

ப: சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் கிரீஸ், இத்தாலி, ஜப்பான், ஸ்லாவ் நாடுகள் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். மெக்கில் கம்பெனி கட்டின ஊர். அதிகாரிகளுக்கு ஒரு பக்கம், கிரேக்கர்களுக்கு வேறு பக்கம், ஜப்பானியர்களுக்கு இன்னொரு பக்கம். என்னிடம் உள்ள 'ஊர்க் காட்சி' கார்டுகளில் அதிகாரிகள் தெருதான் அழகாக விழுந்திருக்கிறது. 1912 வேலைநிறுத்தத்தில் மெக்கில்லில் இரண்டு கிரேக்கத் தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விற்பனைக்குப் போட்ட கார்டில் அதையெல்லாம் தேடாதீர்கள்.

கே: அப்படி என்னதான் எழுதுவார்கள்?

ப: ஒரு சென்ட் ஸ்டாம்புக்கு என்ன காவியமா எழுதுவார்கள்? சுகம், வேலை கிடைத்தது, பனி, பதில் போடு. ஒருவர் விடுதிப் படத்தில் மாடி ஜன்னல்மேல் பெருக்கல் குறி போட்டு, இதுதான் என் அறை என்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதை விற்க எனக்கு மனசு வரவில்லை.

கே: இப்போது போனால் ஏதாவது இருக்கிறதா அண்ணா?

ப: உருக்காலை 1983இல் மூடப்பட்டது. ரயில் பாதையும் பணிமனையும் மியூசியமாக இருக்கின்றன, பழைய நீராவி என்ஜின்களை இன்னும் ஓட்டுகிறார்கள். போகிறவர்கள் ஈலி டிப்போவை (ரயில் நிலையத்தை), பழைய கார்டில் இருக்கும் அதே கோணத்தில், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.