குற்றாலச் சாரலும் குரோஷியாவும்

அன்புள்ள ஐயா,

2018 உலகக் கோப்பை சமயத்தில் வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு குற்றாலம் பக்கத்து இலஞ்சிக்கு வந்து, பதினேழு நாளும் மதியம் தூங்கி, இரவில் கால்பந்து பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற விடுமுறை. பிள்ளைகளுக்கு நாலு ஊர் காட்டாமல் நடுராத்திரி வரை டி.வி. முன்னால் உட்கார வைத்தது சரியா? நான் இந்த மே மாதம் எட்டு நாளில் ஏழு ஊர் போக டிக்கெட் போட்டிருக்கிறேன். என் மனைவி "வீட்டிலேயே இருக்கலாமே" என்கிறாள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். என் மனைவி செவிலியர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மாதத்தில் பாதி இரவு வேலை. அவள் தூங்கும்போது நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். நாங்கள் தூங்கும்போது அவள் இருக்க மாட்டாள். இலஞ்சியில் முதல் நாள் மதியம், அம்மா வைத்த சொதியைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டாசலில் பாய் விரித்துப் படுத்தவள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தாள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளை எந்த ஊருக்கும் கிளப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் போயிருந்தால் உங்களுக்கே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து, வெயில் அடிக்கும்போதே சாரலைத் தூவும். மதியம் உடம்பு மந்தப்படுவது சாப்பாட்டால் மட்டும் அல்ல. நம் உடம்பின் கடிகாரமே அந்த நேரத்தில் ஒருமுறை தாழ்ந்து எழுகிறது. வேலை நாட்களில் அதை டீ குடித்துத் துரத்துகிறோம். அங்கே துரத்த வேண்டியிருக்கவில்லை. அம்மா, நாங்கள், பிள்ளைகள் என்று ஐந்து பேரும் வரிசையாகப் படுத்துக் கிடந்தோம்.

பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்கிற உங்கள் கவலை நியாயமானது. தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் ஆட்டங்கள், இறுதி ஆட்டம் தவிர, ரஷ்யாவில் நடந்தாலும் நமக்கு இரவு 7:30, 11:30 என்று வந்தன. ஏழரை மணி ஆட்டம் எல்லோருக்கும். கசானில் பிரான்ஸ் அர்ஜென்டினாவை 4-3 என்று வென்றபோது என் மகன் உட்காரவே இல்லை. பிரான்ஸின் பத்தொன்பது வயது எம்பாப்பே ஓடிய ஓட்டம் அப்படி. பதினொன்றரை ஆட்டத்துக்கு மட்டும் ஒரு விதி: மதியம் தூங்கியவர்கள்தான் பார்க்கலாம். மகளுக்குப் பத்து வயது. பெரும்பாலும் முதல் பாதியிலேயே ஆச்சி மடியில் தூங்கிப்போவாள். காலையில் யாரும் யாரையும் எழுப்பவில்லை.

அப்புறம் குரோஷியா. ஜூலை 1 டென்மார்க், 7 ரஷ்யா, 11 இங்கிலாந்து. மூன்றுமே நமக்குப் பதினொன்றரை மணி ஆட்டங்கள், மூன்றும் சமநிலையாகி எக்ஸ்ட்ரா டைம் என்ற கூடுதல் அரைமணி வரை போனவை, முதல் இரண்டில் ஆளுக்கொரு பெனால்ட்டி அடித்து முடிவு காணும் ஷூட்-அவுட் வேறு. டென்மார்க்குக்கு எதிராக, ஆட்டம் முடியச் சில நிமிடமே இருக்கும்போது குரோஷியா கேப்டன் மோட்ரிச் அடித்த பெனால்ட்டியை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. ஷூட்-அவுட்டில் அதே மோட்ரிச் மறுபடி பந்தை எடுத்துவைத்து, அதே ஷ்மைக்கேலைத் தாண்டி அடித்தார். மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

மறுநாள் மகன் போனில் தேடி அவரைப் பற்றி வாசித்துக் காட்டினான். குரோஷியாவில் 1991-இல் மூண்ட போரில் தாத்தா கொல்லப்பட, வீட்டை விட்டு வந்த குடும்பம் சாடர் நகரத்து ஓட்டலில் அகதிகளாகத் தங்கியிருக்கிறது. ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில்தான் அவர் பந்து உதைத்துப் பழகியிருக்கிறார். அம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். அதுவரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "நாம யார் பக்கம்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அதன் பிறகு கேட்கவே இல்லை.

ஆட்டம் இல்லாத நாட்களில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போனோம். வெளியே போனதெல்லாம் அவ்வளவுதான். இதில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கணக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. தங்கள் அம்மா பகலில் நிம்மதியாகத் தூங்குவதை அவர்கள் பார்த்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

ஜூலை 15 இறுதி ஆட்டம். குரோஷியாவை பிரான்ஸ் 4-2 என்று வென்றது. பரிசளிப்பின்போது மாஸ்கோவில் மழை கொட்டியது. தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கிக்கொண்டு மோட்ரிச் நனைந்தபடி நின்றார், முகத்தில் சிரிப்பே இல்லை. இங்கே ஓட்டின் மேல் சாரல். "அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு துண்டு குடுங்கய்யா" என்றாள் அம்மா. மறுநாள் கிளம்பிவிட்டோம்.

சரி, உங்கள் டிக்கெட்டுக்கு வருகிறேன். பயணத்தை மொத்தமாக ரத்து செய்ய வேண்டாம். பிள்ளைகள் ஆசையோடு காத்திருப்பார்கள். ஏழில் நான்கை எடுத்துவிட்டு மீதி மூன்று ஊரில் நிதானமாகத் தங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த இடத்தையும் பார்க்கக் கிளம்பாதீர்கள். எந்த நான்கை எடுப்பது என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும்.

அன்புடன்.