கிருபை கண்ணில் படாத நாட்களில்

கேள்வி: என் கணவருக்கு வேலை போய்ப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. ஜெபிக்கிறேன், தசமபாகமும் தவறியதில்லை. சபையில் மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது, தேவனுடைய கிருபை என் வீட்டில் மட்டும் ஏன் தெரியவில்லை என்று அழுகை வருகிறது. 5,000 ரூபாய் விதைக் காணிக்கை அனுப்பினால் வாசல் திறக்கும் என்று ஓர் ஊழியர் தொலைபேசியில் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். இப்படிப் பணம் கேட்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் 'சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான்' என்ற வசனம், எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது கொரிந்து சபைக்கு எழுதியது. வேலையிழந்த வீட்டிலிருந்து ஊழியருக்குப் பணம் போவதைப் பற்றியது அல்ல. அதற்கு அடுத்த வசனமே, 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' கொடுக்க வேண்டும் என்கிறது. அதை வாசிக்க மட்டும் இவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. தேவனுடைய வரத்தைப் பணம் கொடுத்து வாங்க வந்த மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு கடிந்து அனுப்பினார். இன்று சீமோன் வந்தால் திரையின் ஓரத்தில் கியூஆர் கோடு காட்டுவார்கள். தசமபாகமும் கிருபைக்குக் கட்டும் மாதத் தவணை அல்ல.

கிருபை என்பது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவு என்பதால், வேலை கிடைப்பது அதன் அடையாளமாக இருக்கலாமே தவிர, கிடைக்காதது கிருபை விலகியதற்கு அத்தாட்சி ஆகாது. இதை உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டிய சபையோ, வீடு கட்டியவருக்கும் விசா கிடைத்தவருக்கும் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு, 'இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் ஜெபிக்கிறேன்' என்பவரைக் கடைசி பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறது. நிர்வாகத் தேர்தலுக்கு மணிக்கணக்கில் கூடுகிற கமிட்டிகளில் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தை இன்றிரவு நிதானமாக வாசியுங்கள். தான் முன்பு ஏமாற்றிய அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டு மிகவும் பயந்த யாக்கோபு, ஒன்று அழிந்தாலும் மற்றது தப்பட்டும் என்று தன் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான். அந்தப் பயம் தீருமுன்னே, 'கோலும் கையுமாய் இந்த யோர்தானைக் கடந்துபோனேன். இப்பொழுது இவ்விரண்டு பரிவாரங்களையும் உடையவனானேன்' என்று ஜெபிக்கிறான். பயத்தினால் பிரித்த அதே இரண்டு கூட்டங்களைத்தான் அவன் தேவனுடைய தயவென்று எண்ணிக் காட்டுகிறான். நீங்களும் ஒரு நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கமாக இந்தப் பதினொரு மாதங்களையும் எழுதிப் பாருங்கள்: மின் கட்டணத்தை யார் கட்டினார்கள், மளிகைக்கடைக்காரர் எந்த மாதம் பாக்கியைக் கேட்காமல் அரிசி கொடுத்தார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி நிற்காமல் நடந்தது என்று.

ஒரு நிலைமையில் மட்டும் இந்த நோட்டு உதவாது. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் பிடிக்காமல், சாப்பாடு ருசிக்காமல், செத்தால் நல்லது என்ற எண்ணமும் வந்துபோகிறது என்றால், அது விசுவாசக் குறைவு அல்ல, நோயாக இருக்கலாம். 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தின்று குடித்து மறுபடியும் படுத்தவனைத் தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாத இரவில், 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அதை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், அவர் வாசலை இரண்டாம் முறை மிதிக்காதீர்கள்.