வண்டி கைமாறிவிட்டது, பணம் வரவில்லை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் பழைய காரை விற்றுத் தரச் சொல்லி காரைக்குடியில் ஒரு தரகரிடம் விட்டிருந்தேன். 3,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லி 1,50,000 கொடுத்தார். நான்கு மாதமாயிற்று. கேட்கும்போதெல்லாம் ‘வாங்கினவர் இன்னும் தரவில்லை’ என்கிறார். எழுத்தாக எதுவும் இல்லை, வாட்ஸ்அப் செய்திகள் மட்டும்தான். மீதியை எப்படி வாங்குவது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தரகரோடு சண்டைக்குப் போகும் முன், காரை வாங்கியவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் வழக்கின் உயிர் அவர் கையில் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதியில், ரொக்கமா ஜிபேயா என்று பக்குவமாகக் கேளுங்கள். டெலிவரி நோட்டின் நகலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவரை எதிராளியாக நடத்தினால் வாய் திறக்கமாட்டார். அவர் உங்களுக்குச் சாட்சி.

அவர் முழுப் பணமும் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தால், தரகர் கையில் இருப்பது உங்கள் பணம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கேட்டால் கணக்குக் காட்டவேண்டும் என்கிறது 213ஆம் பிரிவு. உங்கள் சார்பில் வாங்கியதை உங்களிடம் கட்டவேண்டும் என்கிறது 218ஆம் பிரிவு. பேசிய கமிஷனையும், உங்கள் வேலைக்காக முறையாகச் செய்த செலவையும் பிடித்துக்கொள்ள 217ஆம் பிரிவு இடம் தருகிறது, அதற்குமேல் இல்லை. 3,75,000க்கு விற்றுவிட்டு உங்களிடம் 3,40,000 என்று சொல்லியிருந்தால் அந்த 35,000மும் உங்களுடையதே. ஆனால் ‘எனக்கு 3,40,000 வந்தால் போதும், மேலே வருவது உன் பாடு’ என்று நீங்களே சொல்லியிருந்தால் அதைக் கேட்க முடியாது. நம் பக்கத்தில் அப்படிப் பேசுவது சகஜம் என்பதால் இதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் உண்மையிலேயே பாக்கி வைத்திருந்தால் நோட்டீஸ் இருவருக்கும் போகவேண்டும். பைனான்ஸ் போட்டு வாங்கியிருந்தால் ஆர்.சி. பெயர் மாறும்வரை கடனில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. அப்படியானால் தடை காகிதத்தில்தான். பெயர் மாற்றத்தை முடித்தால் பணம் இறங்கும்.

அடுத்தது கணக்கு. ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர் நம்முடையது, வண்டி விற்கும்போது மட்டும் வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிறோம். ஒரே பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: விலை 3,40,000, வரவு 1,50,000, கமிஷன் 2 சதவீதம் பேசியிருந்தால் 6,800, தரவேண்டியது 1,83,200, எந்தத் தேதிக்குள். ‘அடுத்த வாரம் தர்றேன்’ என்று ஒரு வரி பதில் வந்தாலும் அது பெரிய சாட்சி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். போனை மாற்றாமல், உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.

தரகர் தவணை கேட்டால் புரோநோட்டு எழுதி வாங்கலாம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து விழவேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைப் பின்னால் அபராதம் கட்டிக்கூடச் சரிசெய்ய முடியாது. ‘இன்ன எண் காரை விற்று வாங்கிய பணத்தில் தரவேண்டிய பாக்கி’ என்ற வரியும் அதில் இருக்கட்டும். ‘கைமாற்றாக வாங்கியது’ என்று எழுதிவிட்டால், நம்பி ஒப்படைத்த பணம் வெறும் கடனாக மாறிவிடும். காவல் நிலையத்தில் ‘இது சிவில்’ என்று திருப்பி அனுப்ப அதுவே போதும்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பல வழிகள் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருவரும் இசைந்து மக்கள் நீதிமன்றத்தில் தீர்வானால் அதன்மேல் அப்பீலும் இல்லை. தரகர் கமிஷனுக்குச் சேவை செய்தவர் என்பதால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே கெடு 2 ஆண்டு, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். சிவில் வழக்குக்குக் கெடு 3 ஆண்டு. தமிழ்நாட்டில் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், உங்களுக்கு 5,496 ரூபாய். ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்காகப் போடலாம். எதிர்வாதம் செய்யவே அவர் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கவேண்டியிருக்கும்.

போலீஸ் வழி எப்போது? தாமதம் மட்டும் குற்றமாகாது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டே ‘வரவில்லை’ என்று உங்களிடம் பொய் சொன்னதற்கு ஆதாரம் கிடைத்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடி. மனு ரசீது வாங்காமல் நிலையத்தைவிட்டு வராதீர்கள். எடுக்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதன்பின் மாஜிஸ்திரேட். முக்கியமாக, பணம் கணக்கில் ஏறும் முன் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: தரகர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. ‘அடுத்த மாதம் மறுபடி போடுங்கள்’ என்கிறார். நம்பலாமா?
– வாசகர், புதுவயல்

பதில்: செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் மறுபடி போடலாம். அதைத் தாண்டினால் செக் வெறும் தாள், அந்த இழுவைக்காகவே ‘அடுத்த மாதம்’ என்பார்கள். வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். அது அவருக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். நோட்டீஸில் செக்கில் உள்ள தொகையையே எழுதுங்கள். வட்டி, அலைச்சல் செலவு எல்லாவற்றையும் அதோடு கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் வழக்கே விழக்கூடும். செக் அவர் மனைவி கணக்கிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். கையெழுத்திட்ட கணக்குக்காரர்மேல்தான் இந்தப் பிரிவு பாயும். உங்கள் கணக்கு காரைக்குடிக் கிளையில் என்றால் வழக்கும் காரைக்குடியில்தான். அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பள்ளத்தூர் வீட்டில் நின்ற காரை விற்க பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பணம் வரவில்லை. ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான். பணம் வரும்வரை பெயர் மாற்றத்தை நிறுத்தி வைக்கலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. வண்டி வேறொருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிடி உங்கள் கழுத்தைத்தான் இறுக்கும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டிய கடமையும் விற்றவருக்கு உண்டு. ஒப்படைத்த தேதி, வாங்கியவர் பெயர், தரகர் பெயர் மூன்றையும் எழுதிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இன்றே அனுப்புங்கள். தரகர் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அங்கீகாரம் பெற்ற டீலரா என்றும் கேளுங்கள். அப்படியானால் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் இணையவழி பதிந்தால் பொறுப்பு அவருக்குப் போய்விடும். பணத்தைத் தனியாக, நோட்டீஸ் வழியில் கேளுங்கள்.

இங்கே உள்ள உறவினருக்குப் பவர் கொடுத்தால் தூதரகத்தில் சான்று வாங்கி, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும்.

கேள்வி: மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. வாங்கியவர் வாசலில் நிற்கும் காரை எடுத்து வந்துவிடலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: கூடாது. விற்கச் சொல்லி நீங்களே தரகரிடம் விட்ட வண்டியை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. திருட்டு வழக்கு உங்கள்மேல் வரும்.

கேள்வி: பாக்கி 2,10,000 ரூபாயை மொத்தமாக ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் தரகர். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனைதான். வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பி, ஆர்.டி.ஜி.எஸ்ஸில் போடச் சொல்லுங்கள். பணம் ஏறிய பிறகு ரசீது கொடுங்கள்.