கிளைம்பிங் சுவர் கட்ட நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீடு, மணலியில் ஷிப்ட் வேலை. வாரம் இரண்டு நாள் கிளைம்பிங் ஜிம்முக்கு, அதாவது செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் இடத்துக்கு, போகிறேன். மாதக் கட்டணம் 3,000 ரூபாய். போக வர மெட்ரோ, ஆட்டோ என்று ஒரு தடவைக்கு 160 ஆகிறது. பேசாமல் மொட்டை மாடியில் எட்டுக்கு எட்டு அடியில் சொந்தமாக ஒரு சுவர் அடித்துவிடலாமா? பலகை, சட்டம், கை கால் வைத்து ஏறும் பிடிகள், கூலி சேர்த்து கார்பென்டர் 80,000 சொல்கிறார். மனைவி நகையை அடகு வைத்தால் பணம் கிடைத்துவிடும். பத்தொன்பது மாதத்தில் போட்டது திரும்பிவிடும் என்பது என் கணக்கு.

பதில்: வகுத்தல் சரி. மாதம் 3,000, எட்டுத் தடவைப் பயணம் 1,280. 80,000-ஐ 4,280-ஆல் வகுத்தால் பத்தொன்பது மாதத்துக்குக் கிட்டேதான் வருகிறது. ஆனால் சுவர் வந்த நாளிலிருந்து ஜிம் பக்கமே தலைகாட்ட மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. நம்ம வடசென்னையில் எத்தனை வீட்டில் கேரம் போர்டு சும்மா சாத்தி வைத்திருக்கிறது! சாயங்காலமானால் ஆட்கள் கிளப்புக்குத்தானே போகிறார்கள்? இதுவும் அப்படித்தான். ஜிம்மில் பிடிகளைக் கழற்றி மாற்றிப் புதுப் பாதை போட ஆள் இருக்கிறது. உயரச் சுவர் இருக்கிறது, கயிறு பிடிக்கக் கூட்டாளி இருக்கிறார். வீட்டில் எல்லாமே நீங்கள்தான்.

வாரம் ஒரு நாளாவது போவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கட்டணம் 500 என்றால் பயணத்தோடு மாதம் 2,640. அப்போது மிச்சம் 1,640 மட்டுமே. போட்ட பணம் திரும்ப நாலு வருஷம் ஆகும். அதே வாடகை வீட்டில் நாலு வருஷம் இருப்பீர்களா? நகைக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றாலே வருஷத்துக்கு 8,000 போய்விடும். ஜிம் பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்தலாம். கடனை அப்படி நிறுத்த முடியாது. நகை வேண்டாம்.

இடமும் சரியில்லை. 64 சதுர அடிப் பலகை மொட்டை மாடியில் நின்றால் அது கிளைம்பிங் சுவர் இல்லை, காற்றுப் பிடிக்கிற கப்பல் பாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்புறம் உப்புக்காற்று. எட்டு அங்குலத்துக்கு ஒரு துளை என்றால் எட்டுக்கு நாலு அடிப் பலகை இரண்டுக்கும் 144 டி-நட் (பிடியின் போல்ட் மாட்டப் பலகையின் பின்பக்கம் பதிக்கும் நட்) வேண்டும். சாதா இரும்பு டி-நட் துருப்பிடித்துவிட்டால் போல்ட்டோடு சேர்ந்தே சுற்றும், பிடியைக் கழற்றவே முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் செலவு ஏறும்.

கார்பென்டர் கணக்கில் மெத்தையும் இல்லை, கவனித்தீர்களா? வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு விழுந்தால் கணுக்கால் போய்விடும். மேலே கெட்டியான ஃபோம், கீழே மெத்தென்ற ஃபோம், அதுவும் விழும் இடம் முழுக்க வேண்டும். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சுவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் தொங்குவதற்கு வீட்டுச் சுவர் போல எதுவும் இல்லை. ஆனால் சின்னதாக, அறைக்குள் வையுங்கள். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று, 18 மி.மீ. கனம். அதை 40 டிகிரி முன்னால் சாய்த்தால் உயரம் ஆறடிதான் வரும். அறைக்குள் ஐந்தடி நீட்டிக்கொண்டிருக்கும். மேல் தளம் இடிக்காது. வீட்டுக்காரர் சுவரில் துளை போடாமல் தானே நிற்கிற சட்டமாக அடிக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வழி இது. இந்த மாதமே ஜிம் சந்தாவை விட்டு, வாரம் ஒரு நாள் கட்டணத்துக்கு மாறுங்கள். மிச்சமாகும் 1,640-ஐ ஆர்.டி.யில் போடுங்கள். ஒரு வருஷத்தில் வட்டியோடு இருபதாயிரம் சேர்ந்துவிடும். அந்தத் தொகைக்குள் முதலில் மெத்தை, மீதிக்குப் பலகை. பிடிகளைப் பத்துப் பத்தாக வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு வருஷத்தில் ஆசை வடிந்துவிட்டால் இருபதாயிரம் உங்கள் கையில்.

மருத்துவக் காப்பீட்டு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். சாகச விளையாட்டில் தொழில்முறையாக இறங்குபவர்களுக்கான விலக்குப் பட்டியலில் பாறை ஏறுதல் பெயர் சொல்லியே இருக்கும். உங்களைப் போலப் பொழுதுபோக்காக ஏறுபவர்கள் பொதுவாக அதில் வர மாட்டார்கள். தனிநபர் விபத்து பாலிசி இருந்தால் அதன் நிபந்தனை வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் படியுங்கள்.

கார்பென்டரிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: ஆணி, ஃபெவிகால் எதுவும் வேண்டாம், எல்லாம் போல்ட். வீடு மாறும்போது கழற்றி குட்டியானையில் ஏற்றிவிடலாம்.