45 நாளில் பிளாட்டினமா?

பெங்களூரு பொம்மனஹள்ளியில் அலுவலகக் கட்டடம் கட்டிவரும் வாசகர் கேட்கிறார்: "மொத்தம் ஐந்து தளம், சுமார் 4,000 சதுர மீட்டர். மூன்றாவது தளத்துக்கு கான்கிரீட் போட்டாயிற்று. வாடகைக்கு வரப்போகும் ஐ.டி. கம்பெனி கிரீன் பில்டிங் சான்றிதழ் உண்டா என்று கேட்கிறது. 22 லட்சம் கொடுத்தால் 45 நாளில் அதில் உச்ச தரமான பிளாட்டினம் வாங்கித் தருகிறேன், நீங்கள் எதற்கும் அலைய வேண்டாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். அது இல்லாவிட்டால் ஓ.சி. (கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ்) கிடைக்காது என்றும் சொல்கிறார். நம்பலாமா?"

நம்ப வேண்டாம் ஐயா.

ஓ.சி. பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். அதைக் கொடுப்பது உள்ளாட்சி நிர்வாகம். அனுமதி வாங்கிய வரைபடப்படி கட்டியிருக்கிறீர்களா என்பதுதான் அங்கே கேள்வி. கிரீன் மதிப்பீடு நீங்களாக விரும்பிப் போய் எழுதுகிற பரீட்சை. ஓ.சி. இல்லாத கட்டடத்துக்கு மின்சார, குடிநீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, அந்த இரண்டெழுத்தைக் கேட்டாலே பெங்களூரில் கட்டட உரிமையாளர்களுக்கு வியர்க்கிறது. இந்த மாதிரி ஏஜென்ட்களின் பிழைப்பே அந்த வியர்வையில்தான்.

சட்டம் கேட்பது வேறு பட்டியல். மழைநீர் சேகரிப்பு, உங்கள் அளவுக் கட்டடத்துக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு விதிகள், மின் இணைப்புச் சுமை 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ போனால் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள். பிளாட்டினமே வாங்கினாலும் இவற்றிலிருந்து விலக்குக் கிடையாது. ஒரே மழைநீர் வரைபடத்தை ஓர் அலுவலகத்துக்கு ஒரு மாதிரியும் இன்னோர் அலுவலகத்துக்கு வேறு மாதிரியும் திரும்பத் திரும்ப வரைந்து கொடுத்தே என் வயதில் பாதி போய்விட்டது. ஒருவர் மேசையில் இருப்பது அடுத்த மேசைக்குத் தெரியாது. சரி, அதை விடுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் புழங்கும் மதிப்பீடுகள் மூன்று. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001-இல் தொடங்கிய ஐ.ஜி.பி.சி. (இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்), தலைமையகம் ஹைதராபாத். டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா, இதில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். அமெரிக்காவின் லீட். வெளிநாட்டுக் கம்பெனிகள் லீட் கேட்பது வழக்கம். உங்கள் வாடகைதாரர் எதைக் கேட்கிறார் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். அவர் லீட் கேட்க, நீங்கள் வேறொன்றை வாங்கி வைத்தால் பணம் தண்டம்.

இனி அந்த ஏஜென்ட் காட்டும் தாளுக்கு வருவோம். அது ப்ரீ-சர்டிஃபிகேட்டாக இருந்தால், கல்யாணத்துக்கு முன் நடக்கும் நிச்சயதார்த்தம் மாதிரி. 'இப்படிக் கட்டப்போகிறேன்' என்று வரைபடத்தில் காட்டிய உத்தேசத்துக்குக் கிடைக்கும் தாள் அது. இறுதிச் சான்றிதழ், கட்டி முடித்து, பில்களும் சோதனை அறிக்கைகளும் கொடுத்து, மதிப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பி, மறுபடி பதில் கொடுத்த பிறகுதான் வரும். மூன்றாவது தளத்தில் நிற்கும் கட்டடத்துக்கு 45 நாளில் இறுதிச் சான்றிதழ் என்றால், மீதி இரண்டு தளத்தையும் அவரே வந்து கட்டுவாரா என்று கேளுங்கள்.

அடுத்த கண்கட்டு, விசிட்டிங் கார்டு. அதில் போட்டிருக்கும் லீட் ஏ.பி., ஐ.ஜி.பி.சி. ஏ.பி. (அங்கீகாரம் பெற்ற நிபுணர்) என்பதெல்லாம் அந்த ஆள் பரீட்சை எழுதிப் பாஸானதற்கு. கட்டடத்துக்கு மதிப்பீடு கொடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. 'லீட் சர்டிஃபைட் பெயின்ட்', 'லீட் சர்டிஃபைட் டைல்ஸ்' என்று கடையில் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள். லீட் கட்டடத்துக்குத்தான், பொருளுக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றுவது 'நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்' என்ற வார்த்தை. சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தின் ஃபைலைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். மேல்மண்ணைத் தனியே குவித்துப் பாதுகாத்ததற்குச் சான்றாக ஒரு போட்டோ. செம்மண் குவியல், மேலே நீலத் தார்ப்பாய், ஒரு மூலை கிழிந்து செங்கல் வைத்திருந்தது. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தேடினால், அதே ஆலோசகர் செய்த வேறொரு வேலையில் அதே குவியல், அதே தார்ப்பாய், அதே செங்கல். ஒன்று சர்ஜாபூர் சாலை, இன்னொன்று எலஹங்கா! உரிமையாளருக்கு எதுவும் தெரியாது, பாவம். அவர்தான் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்டவராயிற்றே. ஃபைலில் பொய் இருந்தால் மாட்டுவது விண்ணப்பத்தில் பெயர் இருப்பவர்.

ஆகவே இணையப் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். கட்டணத்தை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே நேராகச் செலுத்துங்கள். அது பரப்பளவை வைத்துப் போடும் கணக்கு, இணையதளத்திலேயே பார்க்கலாம். 22 லட்சத்தில் அது போக ஏஜென்டுக்கு எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும்.

உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சற்று மாறும், கவனமாகப் படியுங்கள். கட்டடத்தில் நீங்கள் உட்காரப்போவதில்லை, வாடகைக்கு விடுகிறீர்கள். அப்படியானால் பதிவு செய்யும் வகையே வேறு. ஐ.ஜி.பி.சி.யில் உரிமையாளர் பயன்படுத்துவது, வாடகைதாரர் பயன்படுத்துவது என்று இரண்டு பிரிவு உண்டு. பாதிக்கு மேல் யார் இருக்கப்போகிறார் என்பதை வைத்துப் பிரிப்பார்கள். லீடில் இதற்கு கோர் அண்ட் ஷெல் என்று பெயர். சுவர், கண்ணாடி, லிஃப்ட், பொது விளக்கு, குழாய் எல்லாம் உங்கள் கணக்கு. உள்ளே அவர் போடும் விளக்கு, மேசை, கார்பெட் அவர் கணக்கு. ஏ.சி.யை நீங்கள் போட்டுக் கொடுக்கிறீர்களா, வெறும் தளமாகக் கொடுக்கிறீர்களா? அதை இப்போதே முடிவு செய்யுங்கள். வெறும் தளம் என்றால், என்ன தரத்தில் ஏ.சி., எவ்வளவு வெளிக்காற்று, எந்த மாதிரிக் குழாய் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அவர் இஷ்டத்துக்கு எதையோ மாட்டுவார், நீங்கள் காட்டிய கணக்கு தப்பும். தன் தளத்தின் உள்வேலைக்கு அவர் தனியாக மதிப்பீடு வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அது அவர் செலவு, உங்கள் 22 லட்சத்தில் சேராது.

இந்தக் கட்டத்தில் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். மேல்மண், கட்டடத்தின் திசை இவற்றுக்கு மதிப்பீட்டில் கிடைக்கும் புள்ளிகள் போனது போனதுதான். கண்ணாடி, குழாய், பெயின்ட், விளக்கு, ஏ.சி. இன்னும் உங்கள் கையில். முகப்பு முழுக்கக் கண்ணாடி என்று ஆர்க்கிடெக்ட் வரைந்திருந்தால் சண்டை போடுங்கள். ஜன்னலைத் திறந்தாலே வருடத்தில் பல மாதம் ஏ.சி. வேண்டாத ஊர் இது. இங்கே கண்ணாடிப் பெட்டி கட்டி அதைக் குளிர்விப்பதில் அர்த்தமில்லை. கண்ணாடி வாங்கும்போது வெயிலின் சூட்டை எவ்வளவு உள்ளே விடும் என்ற சோதனைத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள். க்யூரிங் செய்ய, அதாவது கான்கிரீட்டை நனைத்து இறுகவைக்க, சுத்திகரித்த தண்ணீர் லாரி வந்தால் ரசீதை வாங்கி வையுங்கள். 2024 மார்ச்சில் கட்டுமானத்துக்குக் குடிநீர் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது, ரசீது வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

சைட் ஆபீஸில் இன்றே ஒரு ஃபைல் போடுங்கள். சிமென்ட் பில்லில் சாம்பல் கலந்த பி.பி.சி. என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். கம்பி, டைல்ஸ் வரும் லாரியின் டெலிவரி சலானைத் தூக்கிப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை தேதி விழும்படி போட்டோ எடுக்க மேஸ்திரியிடம் சொல்லுங்கள். ஆலோசகர் வேண்டும்தான், நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர் சம்பளத்தைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையைப் பெரியதாக வைத்து, இறுதிச் சான்றிதழ் வந்த அன்று தருவதாக எழுதுங்கள். 45 நாள் ஆள் அதற்குச் சம்மதிக்கிறாரா பாருங்கள்.