மலட்டு ஈ வளர்க்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாளா மகள்?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் சேர் என்றால் கேட்கவில்லை. பூச்சி படிக்கப் போகிறாளாம், மலட்டு ஈ வளர்க்கப் போகிறாளாம். கதிர்வீச்சு என்று வேறு சொல்கிறாள். இப்படி ஒரு வேலை இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அவள் ஆசைப்படுவது வீண் ஆசை இல்லை. ஆனால் எந்த வழியில் போவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

வீட்டில் பாகல் பந்தல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பழ ஈயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஞ்சில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் வடிந்து காய்ந்திருக்கும். சில நாளில் காய் கோணி மஞ்சளாகும். பிளந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு. தரையில் தட்டினால் உடம்பை வளைத்துத் துள்ளும். புழு காய்க்குள்ளே இருப்பதால் அடிக்கிற மருந்து அதைத் தொடுவதே இல்லை. உங்கள் மகள் சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு இந்த எண்ணம் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதே ஈதான் ஜப்பானின் தெற்குக் கோடியில் உள்ள ஒக்கினாவா தீவுகளையும் பிடித்திருந்தது. ஈ பரவிவிடும் என்பதால் அங்கே விளைந்த பாகற்காயை ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு அனுப்பத் தடை. 1972இல் கூமே என்ற சிறு தீவில் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் கவர்ச்சிப் பொருளும் மருந்தும் வைத்து ஆண் ஈக்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பிறகு, வளர்த்து மலடாக்கிய ஈக்களை விட்டார்கள். வெளியில் தானாக வளர்ந்த பெண் ஈ மலட்டு ஆணோடு சேர்ந்தால் அது இடும் முட்டை பொரிக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஈ குறைந்துகொண்டே வரும். 1978இல் கூமே தீவில் ஈ ஒழிந்தது. 1993இல் ஒக்கினாவா முழுவதும் ஒழிந்தது. அதற்காக விட்ட ஈக்கள் 5,000 கோடிக்கும் மேல். இன்று ஒக்கினாவா பாகற்காய் ஜப்பான் முழுக்க விற்கிறது.

அத்தனை கோடி ஈயை யாராவது வளர்த்துத்தானே ஆக வேண்டும்? நீங்கள் கேட்ட வேலை அதுதான். புழுவுக்குத் தீனி கலப்பது, அறையின் சூட்டையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்வது, கூட்டுப்புழு ஈயாக வெளிவருவதற்குச் சில நாள் முன்பு அளவாகக் கதிர்வீச்சு கொடுப்பது. ஒக்கினாவாவில் கொடுத்த அளவு 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அளவு குறைந்தால் ஈ மலடாகாது. கூடினால் மலடாகும், ஆனால் பெண்ணைத் தேடிப் போகத் தெம்பு இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். அதனால் சோதனைகள் நிறைய. உள்பக்கம் டால்கம் பவுடர் பூசிய கறுப்புக் குழாயில் கூட்டுப்புழுக்களை வைப்பார்கள். பவுடர் வழுக்குவதால் ஈயால் சுவரில் ஏற முடியாது. பறக்கத் தெம்புள்ளது மட்டும் வெளியே வரும். அவற்றை எண்ணுவார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கூட்டுப்புழு மேல் ஒளிரும் சாயப்பொடியைத் தூவுவார்கள். ஈ வெளிவரும்போது நெற்றியிலுள்ள சின்னப் பையை உப்பவைத்துக் கூட்டை முட்டித் திறக்கும். பை திரும்ப உள்ளே சுருங்கும்போது சாயமும் கூடவே போய்விடும். பிறகு வயலில் வைத்த பொறியில் ஒரு ஈ விழுந்தால், புற ஊதா விளக்கில் அதன் தலையைப் பார்த்து நாம் விட்டதா, தானாக வளர்ந்த ஈயா என்று சொல்லிவிடலாம்.

கதிர்வீச்சு பயத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சைத் தரும் கோபால்ட்-60 என்ற உலோகம் தடித்த கவசத்துக்குள் இருக்கும். அதைத் தொட்டு வேலை செய்வதில்லை. கதிர்பட்ட ஈயிலும் கதிரியக்கம் ஒட்டாது. ஆஸ்பத்திரி ஊசிகளைத் தொற்று நீக்குவதும் இதே முறையில்தான். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதுபோல அணிந்து, உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைப்பார்கள்.

சரி, வேலை எங்கே? இதில் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பயிர்ப் பூச்சிக்காகக் கோடிக்கணக்கில் மலட்டு ஈ வளர்க்கும் கூடம் இந்தியாவில் இன்னும் இல்லை. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் எல் பினோவில் இருக்கிறது; வாரத்துக்கு 100 கோடிக்கும் மேல் வளர்க்கிறார்கள். இங்கே பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் தென்னையின் சிவப்புக் கூன்வண்டு மீது இந்த மலடாக்கும் முறையில் ஆய்வு நடந்திருக்கிறது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தியையும் மீறிவிட்டது நம் ஊர்ச் செய்தி. அமெரிக்காவில் பிடி பருத்தியோடு அந்தப் புழுவின் மலட்டு அந்துப்பூச்சியையும் சேர்த்து அதை ஒழித்ததாக 2018இல் அறிவித்தார்கள். நம் நிலமோ துண்டு துண்டானது. ஒருவர் வயலில் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்து வயலில் முட்டையோடு இருக்கும் ஈ பறந்து வந்துவிடும். ஊரே சேர வேண்டும். இதை இங்கே எப்படிச் செய்வது என்று யோசிக்க உங்கள் மகளைப் போன்றவர்கள் வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

அதனால் இந்த ஒரே நுட்பத்தை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அகலமான அடித்தளம் போடட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வில் பி.எஸ்சி. வேளாண்மைக்கு விண்ணப்பியுங்கள்; நான்கு வருடப் படிப்பு. கிடைக்காவிட்டால் விலங்கியல் எடுக்கலாம். ஆனால் டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர் பதவிக்கும் வங்கிகளின் வேளாண் அதிகாரி பதவிக்கும் வேளாண் பட்டம்தான் கை கொடுக்கும். அதனால் என் முதல் ஓட்டு வேளாண்மைக்கு. அப்புறம் பூச்சியியலில் எம்.எஸ்சி., முடிந்தால் பிஎச்.டி. பெங்களூருவில் தேசிய வேளாண் பூச்சி வள மையம் இருக்கிறது. கொசு பக்கம் மனம் போனால் புதுச்சேரியில் நோய்பரப்பிகள் ஆராய்ச்சி மையம். பழம், விதை ஏற்றுமதியைச் சோதிக்கும் பயிர்த் தனிமைப்படுத்தல் துறைக்கும் பூச்சியியல் தெரிந்தவர்கள் தேவை. எந்தக் கல்லூரியானாலும் மரபியலையும் புள்ளியியலையும் அவள் ஒப்புக்குப் படிக்கக் கூடாது. இந்த வேலையில் பாதி அதுதான்.

விண்ணப்பத்துக்கு நாள் இருக்கும்போதே அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். ஈ குத்திய பத்துக் காய்களைப் பறித்து, ஈர மணல் போட்ட அகல டப்பாவில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டட்டும். புழு மணலில் இறங்கிக் கூடாகும். ஒரு வாரம், பத்து நாளில் ஈ வரத் தொடங்கும். தினமும் எத்தனை வந்தது, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தேதி போட்டு நோட்டில் எழுதட்டும். வால் நுனியில் ஊசி போல நீண்டிருப்பது பெண். பாதியில் விடாமல் எழுதியிருந்தால் அந்த நோட்டோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.