ஜீப் கேள்வி–பதில்: தார் ரோட்டில் இறுகும் கியர்

ஐயா, பழைய மகிந்திரா 540 ஜீப் வாங்கியிருக்கிறேன். வயலிலிருந்து ஏறி, ஃபோர் வீலை எடுக்காமலே நீடாமங்கலம் ரோட்டில் வந்தேன். திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகிவிட்டது, லீவரும் கழலவில்லை. கியர்பெட்டி போய்விட்டதா?
– வாசகர், வலங்கைமான்

போகவில்லை தம்பி, பயப்படாதீர்கள். அந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு, கிடையாது. ஃபோர் வீல் போட்டுவிட்டால் இரண்டு தண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். சேற்றில் டயர் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் கியர் பல்லிலும் ஜாயிண்டிலும் ஏறி நிற்கும்.

லீவரைச் சுத்தியலால் தட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக்கி, நாலடி தூரம் ரிவர்ஸ் எடுங்கள். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்; முறுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது லீவர் இரண்டு விரலுக்கே வந்துவிடும். இனி மண் பாதை முடியும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள். அதற்காக ஃபோர் வீலைத் தொடாமலே வைத்திருக்கவும் கூடாது. மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் போட்டு ஓட்டினால்தான் முன் அச்சின் கிரவுன் பல்சக்கரத்தில் ஆயில் சுற்றி வரும், சீலும் காயாமல் இருக்கும்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையோரம் ஜீப் புதைந்துவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கும் என்றுதானே சொன்னார்கள்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

எப்போதும் இழுக்காது. ஒவ்வொரு அச்சிலும் எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதுதான் சுற்றும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுழன்றுகொண்டிருக்க, மற்ற இரண்டும் சும்மா நிற்கும். நம் களிமண் டயர் பட்டன் இடுக்கில் அப்பிக்கொண்டால் டயர் வழவழவென்று ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அச்சு வரை இறங்கும். ஃபோர் வீல் லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) இரண்டாவது கியர் போட்டு மெதுவாக எடுங்கள். சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கியதும் நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்டீயரிங் உதறுகிறது. உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?
– வாசகர், வேதாரண்யம்

முதலில் அதை மாட்டாதீர்கள். நோயை மறைத்துவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் ஹப் பேரிங்கை இறுக்க வேண்டும். நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றினால்தான் தீரும். டை ராடு எண்டு, டயர் காற்று, வீல் பேலன்ஸ் மூன்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஊர் வேதாரண்யம் என்பதால் கேட்காததையும் சொல்கிறேன். உப்பளத்துப் பக்கம் போய்வந்தால் சேஸின் உள்பக்கம் நல்ல தண்ணீரை அடியுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். அங்கே தங்கும் உப்புச் சேறு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே பெயிண்ட் புதிதாகவே தெரியும்.